அஞ்சு மணி வரைக்கும்

இங்க உக்காந்துக்கட்டுமா கண்ணு? யாராச்சும் வர்றாங்களா? வரலையா, அப்பச் சரி. நீ போன்ல தமிழ்ல பேசுனது காதுல விழுந்துச்சு, நேரா இக்கட்ட வந்துட்டேன். பதினேழு மணி நேரம் பிளேன்ல உக்காந்து காலு ரெண்டும் தூணாட்டம் வீங்கிப் போச்சு. பக்கத்து சீட்டுல ஒரு சீனாக்காரரு. நல்ல மனுசன், எனக்குத் தண்ணியெல்லாம் கேட்டு வாங்கிக் குடுத்தாரு. ஆனா வாயத் தொறந்து நாலு வார்த்தை பேச ஆளில்ல பாரு. நீ கோயம்புத்தூருக்கா? அட, நானும் அந்தப் பிளேன்தான். இன்னும் நாலு மணி நேரம் கெடக்குதாமே.

இந்த சிங்கப்பூர் ஏர்போர்ட்டுக்குள்ளயும் பூச்செடி வெச்சிருக்கறாங்க பாரு. எனக்கு இப்பப் பூவப் பாத்தாலே ஆகறதில்ல. மூணு மாசம் பாத்துட்டேன் கண்ணு. சனி ஞாயிறு விட்டு மத்த நாளெல்லாம் பூவு, செடி, மியூசியம். போதும் போதும்னு ஆயிப்போச்சு.

எனக்கு உடுமலைப்பேட்டை. பேரு ராஜாமணி. வீட்டுக்காரரு போய் நாலு வருசமாச்சு. ஒரே மகன், ஜெகதீசன். அமெரிக்காவுல கம்ப்யூட்டர் வேலை. எம் மகனாட்ட ஒருத்தனப் பாக்க முடியாது, எழுதியே தர்றேன். குடிக்க மாட்டான், பீடி சிகரெட்டு கெடையாது, ஒரு நாள் தவறாம எனக்குப் போன் பண்ணீருவான். கல்யாணமாகி ரெண்டு வருசம். மருமக பேரு பவதாரணி, தாரணின்னு கூப்புடுவோம். தாராபுரத்துப் புள்ள. அப்பன் இல்ல. அம்மா தையல் கடை வெச்சிருக்குது. அப்பன் இல்லாத புள்ளைன்னா அடக்கமா இருக்கும்னு நாந்தான் தேடிப் புடிச்சு முடிச்சு வெச்சேன்.

மார்ச் மாசம் போனேன். போன மூணாம் நாளே மகன் சொன்னான், "அம்மா, நான் வீட்ல இருந்து வேலை பாக்கறேன், நாளெல்லாம் மீட்டிங். நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ள அடஞ்சு கெடந்து என்ன பண்ணப் போறீங்க? பார்க்குக்குப் போயிட்டு வாங்க"ன்னு. வருசத்துக்கு ஒரே சீட்டு, அதக் காட்டுனா எல்லா மியூசியத்துக்குள்ளயும் போலாம். எங்க ரெண்டு பேருக்கும் வாங்கிக் குடுத்தான். எந்த மகன் செய்வான் சொல்லு?

பார்க்குன்னா நம்ம கோயம்புத்தூரு வ.உ.சி. பார்க்குன்னு நெனச்சுக்காத. எங்க உடுமலை டவுனத் தூக்கி உள்ள வெச்சாலும் மிச்சம் இருக்கும். அரமணையாட்டம் கட்டடம் கட்டடமா மியூசியம். ஒண்ணுல திமிங்கல எலும்பு, ஒண்ணுல பொம்மை ரயிலு, ஒண்ணுல துணி சுத்துன பொணம். அதையும் வரிசையில நின்னு பாக்கறாங்க. நடுவுல தோட்டம். ரோசாத் தோட்டம் தனி, கள்ளித் தோட்டம் தனி, சப்பான்காரன் தோட்டம் தனி. மரச்சட்டத்துலயே கூரை போட்ட ஒரு பெரிய வீடு, உள்ளார பூரா பெரணிச் செடி. அதுக்கு முன்னால தாமரைக் குளம். அங்க ஒரு பெஞ்சு. மத்தியானம் அதுல உக்காந்துதான் புளிச்சோறு திம்போம்.

காலைல ஒம்பதரைக்குக் கார்ல கொண்டாந்து விடுவான். சாயந்தரம் அஞ்சுக்கு வந்து கூட்டிட்டுப் போவான். மணிக்கொரு தடவை நான் போட்டோ எடுத்து அனுப்போணும். ரெண்டு பேரும் எங்க நிக்கறோம்னு தெரியோணுமாம், பயம் அவனுக்கு. வெளிநாடு பாரு. தாரணிகிட்டப் போன் கெடையாது. அவ கீழ போட்டுப் போட்டு ஒடைக்கறான்னு அவன் வாங்கித் தர்றத விட்டுட்டான். என்னத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னான், "அம்மா, அவளுக்கு வெவரம் பத்தாது. யாருகிட்டயாவது பேசி எதுலயாவது மாட்டிக்குவா. நீ கூட இருந்து பாத்துக்க"ன்னு. நானும் பாத்துக்கிட்டேன். கக்கூசுக்குப் போனாக் கூடக் கதவுகிட்ட நிப்பேன்.

அவ வாயத் தொறந்து பேச மாட்டா. அதுதான் எனக்கு மொதல் குறை. மாமியாக்காரி அத்தன தூரம் போயிருக்கறேன், ஒரு சிரிப்பு இல்ல. நல்ல வெயில்லயும் கை முட்ட மூடுன சட்டைதான் போட்டுட்டு வருவா. கழுத்து வரைக்கும் பொத்தான். கேட்டா, "குளுருதுங்கத்தை"ம்பா. ஒரு நாள் சட்டை சித்த மேல ஏறுனப்பப் பாத்தேன், மணிக்கட்டுல வளையல் போட்டாப்ல சுத்தி ஒரு கருப்பு. என்னன்னு கேட்டேன். அடுப்புல சுட்டுக்கிட்டாளாம். அந்த ஊரு அடுப்பு அப்படி, கதவு வெச்ச அடுப்பு. கைய உள்ளார விட்டுத்தான் எடுக்கோணும்.

ஒரு மியூசியத்துல செத்த மிருகத்தையெல்லாம் பாடம் பண்ணிக் கண்ணாடிக்குள்ள நிறுத்தியிருந்தாங்க. ஒரு மானு, அப்படியே உசுரோட நிக்கறாப்ல. அதுகிட்ட நின்னவ நகரவே மாட்டேங்கறா. நான் போட்டோ எடுத்து அனுப்பிட்டு வான்னு கூப்புடறேன். திரும்பிப் பாக்காமக் கேக்கறா, "அத்தை, இத எப்படிக் கொன்னிருப்பாங்க? ஒடம்புல ஒரு காயங்கூடத் தெரியலை பாருங்க"ன்னு. கேக்கற கேள்வியா இது? அன்னைக்குச் சாயந்தரம் மகன்கிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அவன் சிரிக்கல. "இன்னும் என்னென்ன பேசறா?"ன்னு கேட்டான்.

ரோசாத் தோட்டத்துல ஒரு வெள்ளக்காரக் கெழவி. ரூத்துன்னு பேரு. சம்பளம் இல்லாம வந்து செடி வெட்டற பொம்பள, எழுவது வயசு இருக்கும், தொப்பி போட்டுக்கிட்டு ஒரு நீலக் கார்ல வருவா. அவகிட்ட மட்டும் தாரணி பேசுவா. எனக்கு அந்த இங்கிலீசு ஒரு எழுத்துப் புரியாது. ரோசாவப் பத்தித்தான் பேசறாங்கன்னு இருந்தேன். அப்பறம் பாத்தா, அந்தக் கெழவி இவ கையப் புடிச்சுக்கிட்டு நிக்கறா, இவ தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கறா. ரோசாவப் பத்திப் பேசுனா எதுக்குக் கையப் புடிக்கோணும்? நான் போய், "வா, மணியாச்சு"ன்னு இழுத்துட்டு வந்துட்டேன். சொன்னேன் மகன்கிட்ட. சொல்லோணுமில்ல? நம்பி அனுப்பறான்.

ஏப்ரல் கடைசில இது நடந்துச்சு. அந்தத் திமிங்கல மியூசியத்துல கக்கூசுக் கதவுக்கு உள்பக்கம் ஒரு நோட்டீசு ஒட்டியிருந்துச்சு. ஒரு பொம்பள தலையில கைய வெச்சு உக்காந்திருக்கற படம். அடியில சின்னச் சின்னச் சீட்டா வெட்டி நம்பரு போட்டிருந்துச்சு, வேணுங்கறவங்க கிழிச்சுக்கலாம்னு. தாரணி போயிட்டு வந்தப்பறம் நான் போறேன், ஒரு சீட்டு புதுசாக் கிழிஞ்சிருக்குது. சரி, ஏதோ தள்ளுபடி போலிருக்குது, இவ வாங்கப் போறான்னு நானும் ஒண்ணக் கிழிச்சுப் பையில வெச்சேன். சாயந்தரம் மகன்கிட்டக் குடுத்து, "இது என்னன்னு பாரு சாமி, தாரணியும் ஒண்ணு எடுத்தா"ன்னு சொன்னேன்.

நான் என்னத்தக் கண்டேன்? இங்கிலீசு படிக்கத் தெரிஞ்சா கேட்டிருப்பனா?

அவன் சீட்டப் பாத்தான், மடிச்சுப் பையில போட்டுக்கிட்டான். "நல்ல வேளை குடுத்தேம்மா"ன்னான். அன்னைக்கு எனக்கு ரூமுக்கே பால் கொண்டாந்து குடுத்தான். பக்தி சேனல் போட்டுட்டு, சத்தம் பத்தலைன்னு அவனே கூட்டி வெச்சுட்டுப் போனான். அவ்வளவு சத்தம் எனக்கு ஆகாது, இருந்தாலும் பையன் ஆசையா வெச்சானேன்னு அப்படியே கெடந்தேன்.

மக்கா நாள் விடிஞ்சு பார்க்குக்கு அவ நொண்டிக்கிட்டு வந்தா. பாத்ரூமுல வழுக்கிட்டாளாம். அந்த ஊரு பாத்ரூமு வழுக்கும், நானே ரெண்டு தடவை தடுமாறியிருக்கேன். ஆனா ஒரு வாரம் என் மூஞ்சியவே அவ பாக்கலை. நான் சோத்துப் பொட்டலத்த நீட்டுனா வாங்கித் திங்கறது, திண்ணு முடிச்சா எந்திரிக்கறது. அவ்வளவுதான். எனக்கு வெசனமாப் போச்சு. நான் இவளுக்கு என்ன கெடுதல் பண்ணுனேன்?

என்ன கண்ணு, நீ ஏன் அப்படிப் பாக்கறே? தண்ணி வேணுமா? சரி சரி. சொல்றேன்.

மே மாசம். ரோசாவெல்லாம் பூத்துக் கொட்டிக் கெடக்குது. வெள்ளிக்கெழமை, எனக்கு நல்லா நாவகம் இருக்குது. தாமரைக் குளத்துப் பெஞ்சுல உக்காந்திருக்கறோம். பதினொண்ணரை இருக்கும். இவ தானாப் பேசுனா.

"அத்தை, உங்களுக்கு மாமா மேல பயம் இருந்துச்சுங்களா?"

நான் ஒளிக்கலை. ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? எங்க வீட்டுக்காரரு கை நீட்டுவாரு. இதோ பாரு, இந்தப் பக்கம் ரெண்டு பல்லு கெடையாது. அது எந்த வீட்ல இல்ல? "ஆரம்பத்துல இருந்துச்சு புள்ள. ஆறேழு வருசத்துல சரியாப் போச்சு"ன்னேன்.

"எப்படிங்கத்தை சரியாச்சு? விட்டுட்டாருங்களா?"

"விடலை. பழகிப் போச்சு."

அவ சட்டைப் பொத்தானக் கழட்டி, கைய ரெண்டும் தோள் வரைக்கும் ஏத்திக் காட்டுனா. அக்கட்ட இக்கட்ட ஆளு நடமாட்டம், கொழந்தைக ஓடுதுக, அவ பாட்டுக்குக் காட்டறா. நான் பாத்தேன். பாக்காம இருந்திருக்கலாம், பாத்துட்டேன். என் ஒடம்புல கூட அப்படி இருந்ததில்ல கண்ணு. எங்க வீட்டுக்காரரு கோவத்துல அடிச்சவரு. இது அப்படியில்ல. வரிசையா இருந்துச்சு.

மூடு மூடுன்னு நானே இழுத்து விட்டேன்.

"அத்தை, ரூத்தம்மா ஒரு எடம் ஏற்பாடு பண்ணியிருக்கறாங்க. பொம்பளைக மட்டும் இருக்கற எடம். ரெண்டு மணிக்குக் காரோட வருவாங்க. நான் போறேன். அஞ்சு மணி வரைக்கும் அவருகிட்டச் சொல்லாதீங்க. அஞ்சு மணி வரைக்கும் மட்டும். அதுக்கப்பறம் என்ன வேணாச் சொல்லிக்குங்க. என்னத் திட்டுங்க, ஓடுகாலின்னு சொல்லுங்க."

என் கை ரெண்டையும் எடுத்து அவ மடியில வெச்சுக்கிட்டா.

"நீங்களும் வாங்கத்தை. அங்க உங்களையும் சேத்துக்குவாங்க. கேட்டுட்டேன்."

பாரு, எனக்கும் சேத்துக் கேட்டிருக்கறா. பைத்தியக்காரப் புள்ள. நான் எதுக்கு வரோணும்? எனக்கென்ன கொறை? ஆனா அந்த நேரத்துல எனக்கு என்னமோ ஆயிப்போச்சு. "போ புள்ள. மாரியாத்தா மேல ஆணை, அஞ்சு மணி வரைக்கும் நான் வாயத் தொறக்கல"ன்னு சொல்லிட்டேன். அவ என் காலத் தொட்டா. தொட்டுட்டு ரோசாத் தோட்டத்துப் பக்கம் நடந்து போனா. நொண்டி நொண்டித்தான் போனா. ஒரு பையி கூட இல்ல கையில.

பன்னண்டு மணிப் போட்டோவுக்கு நான் குளத்த எடுத்து அனுப்புனேன். ஒரு மணிக்குத் தாமரையை எடுத்து அனுப்புனேன். ஒண்ணேகாலுக்குப் போன் வந்துச்சு.

"அம்மா, அவ எங்க?"

"கக்கூசுக்குப் போயிருக்கறா சாமி."

"நீ கூடப் போகலையா?"

"கால் வலிச்சுது."

கொழந்தையில கூப்புடறாப்ல கூப்புட்டான். "அம்மா. நான் உன்ன எப்படியெல்லாம் வெச்சிருக்கறேன்? அப்பா போனப்பறம் உனக்கு யாரு இருக்கறா? எங்கிட்டப் பொய் சொல்றயாம்மா?"

சொல்லிட்டேன். என்ன பண்ணச் சொல்றே? பெத்த புள்ள அப்படிக் கேக்கறான். ரோசாத் தோட்டம், ரூத்து, நீலக் காரு, ரெண்டு மணி, எல்லாத்தையும் சொல்லிட்டேன். மாரியாத்தாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கலாம், மகன்கிட்டக் கேக்க முடியுமா?

கால் மணி நேரத்துல வந்துட்டான். சிரிச்சுக்கிட்டேதான் வந்தான், நீ ஒண்ணும் தப்பா நெனச்சுக்காத. ஒரு சத்தம் இல்ல, ஒரு கெட்ட வார்த்தை இல்ல. என்னையும் கூட்டிக்கிட்டு ரோசாத் தோட்டத்துக்குப் போனான். அவ ஒரு கொடி வளைவுக்குக் கீழ நின்னுக்கிட்டிருந்தா, ரூத்தும் சீக்கிரமே வந்து கூட நிக்கறா. இவனப் பாத்ததும் அந்தக் கெழவி தாரணிக்கு முன்னால வந்து நின்னுக்கிட்டா. கையில கத்திரி, செடி வெட்டற கத்திரி. இவன் பணிவாத்தான் பேசறான். அந்தக் கெழவி போன வெளிய எடுத்தா. போலீசுன்னு சொன்னா, அந்த ஒரு வார்த்தை எனக்குப் புரிஞ்சுச்சு.

இவன் தலையத் தட்டிக் காட்டி, தாரணியக் காட்டி, என்னமோ சொன்னான். அப்பறம் என்னக் காட்டுனான். கெழவி எங்கிட்டத் திரும்பிக் கேட்டா. மெதுவா, ஒவ்வொரு வார்த்தையா, என் கண்ணையே பாத்துக்கிட்டுக் கேட்டா. எனக்கு என்ன புரியும்?

"ஆமான்னு தலையாட்டும்மா"ன்னான்.

ஆட்டுனேன்.

தாரணி சத்தம் போட்டா. "அத்தை, ஆட்டாதீங்க! எனக்குப் பைத்தியமான்னு கேக்கறாங்க, ஆட்டாதீங்க!" ஆனா நான் ஆட்டிட்டேனே. கெழவி போனக் கீழ எறக்கிட்டா. அவ மூஞ்சி அப்படியே சுருங்கிப் போச்சு. மகன் தாரணியோட தோள்ல கையப் போட்டான். அவ ஒரு தடவை அந்தக் கையப் பாத்தா, அப்பறம் அடங்கிட்டா. கார் வரைக்கும் நாங்க மூணு பேரும் குடும்பமா நடந்து போனோம். எதுக்க வந்த ஒருத்தர் எங்களப் பாத்துச் சிரிச்சாரு.

அதோட பார்க்கு நின்னு போச்சு.

மூணாம் நாளே எனக்கு டிக்கெட்டு. ஜூன் மாசந்தான் போகோணும்னு இருந்துச்சு, "அங்க வீடு பூட்டிக் கெடக்குதேம்மா, போய்ப் பாரு"ன்னு மாத்திப் போட்டுட்டான். தாரணிக்கு ஒடம்பு சரியில்ல, தூங்கறா, எழுப்ப வேண்டாம்னான். கெளம்பறப்ப நான் கதவுகிட்ட நின்னு, "தாரணி, போயிட்டு வர்றேன் புள்ள"ன்னேன். தூங்கறவ என்ன பதில் சொல்லுவா? ஏர்போர்ட்டுல அவன் என் காலத் தொட்டுக் கும்புட்டான். "இந்த வீட்டு விசயம் வெளிய போகக் கூடாதும்மா, தாராபுரத்துல இருந்து போன் வந்தா எடுக்காத, நான் பேசிக்கறேன்"ன்னான். சரின்னுட்டேன். நீ யாரோ எவரோ, அதனால உங்கிட்டச் சொன்னேன். மனசு பாரமா இருந்துச்சு, எறக்கி வெச்சேன், அவ்வளவுதான்.

என்னது? அட்ரஸா? எதுக்கு?

எதுக்குன்னு கேக்கறேன். எம் மகன் வீட்டு அட்ரஸு உனக்கு எதுக்கு? படிச்ச புள்ளைகன்னா இப்படித்தான் எதெடுத்தாலும் போலீசு. அவனப் புடிச்சுக் குடுக்கறதுக்கா நான் வயித்தக் கீறிப் பெத்தேன்? புருசன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும். தூங்கறான்னு சொன்னான், தூங்கறா. மனசு ஒடஞ்சு போன புள்ள, ரெண்டு நாள் படுக்கத்தான் செய்வா. நீ பேசாத. சித்த நேரம் நீ ஒண்ணும் பேசாம இரு.

சித்த இரு.

அந்த வீட்ல பாத்திரம் கழுவறது நாந்தான். அவன் வேண்டாம்பான், நாந்தான் கேக்க மாட்டேன். வெள்ளிக்கெழமைக்கு அப்பறம் கழுவறதுக்கு ரெண்டு தட்டுத்தான் விழுந்துச்சு. அவனுக்கொண்ணு, எனக்கொண்ணு. சனி, ஞாயிறு, திங்கள். ரெண்டு தட்டு, ரெண்டு டம்ளரு. நான் எண்ணலை கண்ணு. எண்ணோணும்னு எண்ணலை. கையில வந்தது அவ்வளவுதான்.

மூணு நாளு ஒருத்தி தண்ணி குடிக்காமத் தூங்குவாளா?

இந்தப் பையச் சித்த பாத்துக்க. பிடியில ஒரு சீட்டுக் கட்டியிருக்குது பாரு. பை தொலைஞ்சா வந்து சேரோணும்னு அவனே எழுதிக் கட்டுனது. அவன் இருக்கற ஊரு, தெரு, வீட்டு நம்பரு எல்லாம் அதுல இருக்குதுன்னான். எனக்கு அந்த இங்கிலீசு படிக்கத் தெரியாது. அங்க கழிவறைன்னு தமிழ்லயே எழுதிப் போட்டிருக்கறாங்க, நான் போய் மூஞ்சி கழுவிட்டு வர்றேன். மெதுவாத்தான் வருவேன், நீ தேட வேண்டாம்.

கண்ணு. போலீசு வந்தா மாடியில போய்ப் பாத்துட்டுத் திரும்பிறப் போறாங்க. மாடியில இல்ல. கீழ, சமையக்கட்டத் தாண்டி, துணி தொவைக்கற மிசினுக்குப் பின்னால ஒரு ரூமு இருக்குது. தாப்பா வெளிப்பக்கம்.